ஜெர்மன் நினைவிடங்களில் தன்னார்வ முகாம்: எதில் சேரலாம், எதை விட்டுவிடலாம்

கோடையில் ஜெர்மனியில் நடக்கும் சர்வதேசத் தன்னார்வ முகாம்களில் சேர விரும்புகிறவர்கள் பட்டியலைத் திறந்ததும் ஊர்ப் பெயரைத்தான் தேடுகிறார்கள். பெர்லின் இருக்கிறதா, மியூனிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. காலையில் கையில் எடுக்கப்போகும் வேலைக்கும் அந்த மண்ணில் நடந்த வரலாற்றுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறதா? இருந்தால், எவ்வளவு சின்ன ஊரானாலும் அந்த முகாமுக்குப் போகலாம். இல்லையென்றால் அது மலிவான சுற்றுலா, அவ்வளவுதான். அதற்காக விசா அலைச்சல் படத் தேவையில்லை.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு முகாமில் 10 முதல் 20 பேர் இருப்பார்கள். ஒரே நாட்டிலிருந்து இரண்டு மூன்று பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. காலம் இரண்டு வாரம், சிலவற்றில் மூன்று. வாரத்துக்குச் சுமார் 25 முதல் 30 மணி நேரம் வேலை. சம்பளம் கிடையாது. தங்குமிடமும் சாப்பாட்டுச் செலவும் முகாமின் பொறுப்பு. பேச்சுமொழி பெரும்பாலும் ஆங்கிலம். குழுவை வழிநடத்துகிற ஒருவரோ இருவரோ பெரும்பாலும் இளைஞர்கள், அவர்களும் தன்னார்வலர்களே.

இதை நடத்துகிற அமைப்புகள் நேற்று முளைத்தவை அல்ல. எஸ்.சி.ஐ. (சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்) அமைப்பின் முதல் முகாம் 1920இல் பிரான்சில், வெர்டூன் போர்க்களத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் நடந்தது. அதைத் தொடங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் பியர் செரெசோல், 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவுக்கே வந்து வீடு கட்டும் பணியில் ஈடுபட்டார். ஐ.ஜே.ஜி.டி. என்ற ஜெர்மன் இளைஞர் தன்னார்வ அமைப்பு 1949 முதல் இயங்குகிறது. ஏ.எஸ்.எஃப். என்கிற அமைப்பு 1958இல் லோதர் க்ரைசிக் விடுத்த அழைப்பிலிருந்து பிறந்தது. நாஜி ஆட்சியில் மாற்றுத்திறனாளிகள் கொல்லப்படுவதை எதிர்த்து நின்ற நீதிபதி அவர். அந்த ஆட்சியால் துன்பப்பட்டவர்களுக்குக் கைவேலையால் ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய அழைப்பு. நினைவிடம், யூதக் கல்லறை சார்ந்த முகாம்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஏ.எஸ்.எஃப். பட்டியலை. எஸ்.சி.ஐ., ஐ.ஜே.ஜி.டி., இவற்றைப் போன்ற வி.ஜே.எஃப்., ஐ.பி.ஜி. அமைப்புகளின் பட்டியல்களிலும் இவை கலந்து வரும்.

செலவு விஷயத்தில் இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். பதிவுக் கட்டணம் அமைப்புக்கு அமைப்பு மாறும். விமான டிக்கெட், விசா, காப்பீடு மூன்றும் நம் கைக்காசு. இந்தியாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் உள்நாட்டில் உள்ள கூட்டாளி அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்த அமைப்பின் பெயர் ஜெர்மன் அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். "முகாம் முடிந்ததும் அங்கேயே வேலை வாங்கித் தருகிறோம்" என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் உடனே விலகிவிடுங்கள். முகாமுக்கான குறுகியகால விசாவில் அப்படி ஒரு வழியே கிடையாது.

நினைவிட முகாம்கள்

நாஜி வதைமுகாம்கள் இருந்த இடங்கள் இன்று நினைவிடங்கள். அங்கே நடக்கும் தன்னார்வ முகாம்கள்தான் இந்தச் சேவையின் உச்சம். ஆனால் தரம் சீராக இல்லை. கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நல்ல முகாமில் வந்து சேர்ந்த மறுநாளே நினைவிடத்தின் கல்விப் பிரிவு ஊழியர் ஒருவர் மூன்று, நான்கு மணி நேரம் இடத்தைச் சுற்றிக் காட்டுவார். அதன் பிறகுதான் மண்வெட்டி கைக்கு வரும். முதல் வாரக் கடைசிக்குள் ஆவணங்களோடு ஒரு நாள் இருக்கும். ஒரு கைதியின் பதிவு அட்டை, கடிதம், விசாரணை அறிக்கை ஆகியவற்றை வைத்து ஒரு வாழ்க்கையைத் தொடர்ந்து பார்க்கும் பயிற்சி அது. காலை நான்கைந்து மணி நேரம் வேலை, மதியம் படிப்பு, மாலை ஓய்வு என்று நாள் பிரிந்திருக்கும். மோசமான முகாமில் சுற்றிக் காட்டுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுவார்கள். எந்தக் கைதிக் கொட்டகை எங்கே இருந்தது, அதில் யார் இருந்தார்கள் என்று தெரியாமல் பத்து நாள் புல் வெட்டினால் அது வெறும் தோட்ட வேலை.

வைமார் நகருக்கு வெளியே எட்டர்ஸ்பெர்க் குன்றின் மேல் இருக்கும் புகன்வால்ட் நாஜி வதைமுகாமைப் பாருங்கள். 1937 முதல் 1945 வரை சுமார் 2,80,000 பேர் இந்த முகாமிலும் அதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள். சுமார் 56,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. வாசல் கதவில் 'ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு உரியது' என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. உள்ளே நிற்கிறவர் படிக்கும்படி அதைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த எழுத்துகளை வடிவமைத்தவர் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த ஃப்ரான்ஸ் ஏர்லிஷ், அங்கேயே கைதியாக இருந்தவர். கைதிகளை நிறுத்தி எண்ணிய கணக்கெடுப்பு மைதானத்தில் 1995இல் பதித்த ஓர் உலோகப் பலகை உண்டு. கைதிகளாக இருந்த மக்களின் தேசப் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டு முழுக்க அதை 37 டிகிரி வெப்பத்தில், மனித உடல் சூட்டில் வைத்திருக்கிறார்கள். பனி கொட்டினாலும் அதன் மேல் தங்காது. குனிந்து உள்ளங்கையை வையுங்கள். அதைத் தொடுவதில் தடை இல்லை, தொடுவதற்காகவே அது அங்கே இருக்கிறது. குன்றின் மேல் கோடையிலும் காற்று பலமாக அடிக்கும். அரைக்கைச் சட்டையோடு போனால் மதியத்துக்குள் விறைத்துவிடும்.

புகன்வால்டில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 1945 முதல் 1950 வரை சோவியத் நிர்வாகம் அதே இடத்தில் ஒரு சிறப்பு முகாமை நடத்தியது. அங்கும் 7,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் பங்கேற்பாளர்களுக்கு இந்த அடுக்கு வீட்டுக் கதையாகவே தெரிந்திருக்கும். குழுவில் விவாதம் சூடாகும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காமல் பேச வைக்கத் தெரிந்த தலைவர் இருந்தால் அந்த ஒரு மாலைக்காகவே முகாமுக்குப் போகலாம்.

பெர்லினிலிருந்து வடக்கே வட்டார ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் ஃபூர்ஸ்டன்பெர்க் வரும். அங்கே இறங்கி அரை மணி நடந்தால் ராவன்ஸ்ப்ரூக். 1939இல் பெண்களுக்காக அமைக்கப்பட்ட வதைமுகாம் இது. சுமார் 1,20,000 பெண்களும் குழந்தைகளும் இங்கே இருந்திருக்கிறார்கள். இங்கு வரும் இளைஞர் குழுக்கள் தங்கும் வீடுகள் ஒரு காலத்தில் பெண் காவலர்களுக்காகக் கட்டப்பட்டவை. ஒரானியன்பூர்கில் உள்ள ஸாக்ஸன்ஹவுசனிலும் இளைஞர் விடுதி இருப்பது வதைமுகாம் நிர்வாகத் தலைமை அதிகாரியின் பழைய வீட்டில். இது சிலருக்குத் தாங்காது, ராத்திரி தூக்கம் வராது. முகாம் அனுப்பும் தகவல் தாளில் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுத வேண்டிய விஷயம் இது. தனியாக இந்தத் தரையில் படுக்க முடியாது என்று தோன்றினால் பேசாமல் இருக்க வேண்டாம். அறை மாற்றித் தருவார்கள், சில நேரம் ஊருக்குள் இடம் பார்த்தும் கொடுப்பார்கள்.

வேலை என்னவென்று பலருக்கும் மங்கலான எண்ணம்தான். அதிகம் கிடைப்பது கொட்டகைகளின் அடித்தளத்தைச் சுத்தம் செய்வது. மரக் கொட்டகைகள் இடிக்கப்பட்டுவிட்டன. செங்கல், கான்கிரீட் விளிம்புகள் மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். முதலில் புல்லைக் கத்தரித்து ஓரமாகக் குவிப்பார்கள். பிறகு விளிம்பிலிருந்து உள்பக்கமாகச் சின்னக் கரண்டியாலும் கைத்தூரிகையாலும் மண்ணை விலக்குவார்கள். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் பழைய செங்கல் உடையும். பொத்தான், சீப்பு, அலுமினியக் கரண்டி என்று ஏதாவது தட்டுப்பட்டால் எடுக்கக் கூடாது, துடைக்கவும் கூடாது. பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு ஊழியரைக் கூப்பிட வேண்டும். எந்த ஆழத்தில், எந்தக் கொட்டகை ஓரத்தில் கிடந்தது என்பதைக் குறித்து, படம் எடுத்து, எண் போட்ட பையில் வைப்பார்கள். கிடந்த இடம் தெரியாத கரண்டி வெறும் கரண்டி. இடம் தெரிந்தால், அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அது சாட்சி. பங்கேற்பாளர் ஆர்வத்தில் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. முதல் நாளே இதைச் சொல்லாத முகாம் பொறுப்பான முகாம் இல்லை.

யூதக் கல்லறைகளில் வேலை என்றால் ஒழுங்கு இன்னும் கண்டிப்பு. ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி எதுவானாலும் போதும். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் உள்ளே போகக் கூடாது. யூத சமயத்தில் கல்லறை என்றென்றும் இறந்தவருக்கே சொந்தம். அதனால் தோண்டுவது அறவே கிடையாது, வேர் பிடுங்கும்போதுகூட மேல்மண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கல்லில் படர்ந்த ஐவிக் கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். அதன் சின்ன வேர்கள் மணற்கல்லின் மேல்தோலையும் எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். தரையோரம் தண்டை அறுத்துவிட்டுச் சில வாரம் காய விட வேண்டும், காய்ந்த பிறகு அடுத்த குழு மெதுவாக எடுக்கும். அதாவது நீங்கள் தொடங்கியதை நீங்களே முடிக்க முடியாது. கல்லைக் கழுவ நல்ல தண்ணீரும் மெத்தென்ற தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, அழுத்தத் தண்ணீர் இயந்திரம், அமிலம் எதுவும் கூடாது. சாய்ந்த கல்லை நிமிர்த்துவது கல்தச்சர் வேலை. பெர்லின் வைசன்சே யூதக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. ஒரு குழு இரண்டு வாரத்தில் ஒரு பகுதியின் பாதையைத் திறந்துவிட்டால் அதுவே பெரிய வேலை.

நகரங்களில் நடக்கும் முகாம்களில் நடைபாதை நினைவுக் கற்களைத் துலக்கும் வேலை ஒரு அரை நாளாவது இருக்கும். கலைஞர் குன்டர் டெம்னிக் 1992இல் தொடங்கியது இது. நாஜிகளால் துரத்தப்பட்டவர் கடைசியாகத் தன் விருப்பத்தோடு வாழ்ந்த வீட்டு வாசலில், சுமார் 10 செ.மீ. சதுரப் பித்தளைத் தகடு போர்த்திய ஒரு கல்லைப் பதிப்பார்கள். பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்பது அதில் இருக்கும். 2023இல் இதன் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. பித்தளை கறுத்துவிடும் என்பதால் துலக்க வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ள கல்லில் கறை படாமல் ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். தண்ணீரால் மண்ணைத் துடைத்துவிட்டு, உலோகம் துலக்கும் பசையைச் சிறிதளவு துணியில் எடுத்துத் தேய்த்து, ஓரிரு நிமிடம் விட்டு, மெத்தென்ற பஞ்சால் வட்டமாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் முடியுங்கள். எழுத்துப் பள்ளத்தில் பசை தங்கினால் வெள்ளையாகக் காயும், பல் தேய்க்கும் பழைய பிரஷ் ஒன்று கையில் இருக்கட்டும். கம்பி நார் பட்டால் தகடு கீறிவிடும். ஒரு கல்லுக்குப் பத்து நிமிடம் ஆகும். குனிந்து, முழங்கால் போட்டு, ஒரு பெயரைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எந்தக் கண்காட்சியும் இதைச் செய்வதில்லை.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சுவஸ்திகா. நம் வீட்டில் அது மங்களச் சின்னம். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவில் குற்றம். சமயச் சின்னத்தைத் தடுப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லைதான். ஆனால் வதைமுகாமில் உயிர் பிழைத்தவரின் பேத்தி எதிரில் நிற்கும்போது அந்த விளக்கத்துக்கு இடமே இருக்காது. சங்கிலி டாலர், மோதிரம், கைப்பேசி உறை, கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் பை என்று எல்லாவற்றையும் ஊரிலேயே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இந்தியர்களிடம் இன்னொரு கேள்வியும் வரும். சுபாஷ் சந்திர போஸ் பெர்லினில் இருந்தது, 1942இல் ஹிட்லரைச் சந்தித்தது, போர்க் கைதிகளிலிருந்து சில ஆயிரம் பேரைச் சேர்த்து இந்தியப் படைப்பிரிவு அமைத்தது ஆகியவற்றை ஜெர்மன் பங்கேற்பாளர்கள் படித்துவிட்டு வருவார்கள். கோபப்படவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். காலனி ஆட்சியின் கீழ் இருந்தவர்களுக்கு அந்தப் போர் எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லலாம், அதே சமயம் அந்தக் கூட்டணி எந்த ஆட்சியோடு என்பதையும் ஒத்துக்கொண்டு பேசலாம். பிரிட்டன் தரப்பில் வேவு பார்க்கப் போய் 1944 செப்டம்பரில் டாஹவ் வதைமுகாமில் கொல்லப்பட்ட நூர் இனாயத் கான், திப்பு சுல்தான் வம்சத்தில் வந்தவர். அந்தப் பெயரும் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இலங்கைத் தமிழர்களுக்கு, இறந்தவர்களை நினைவுகூர அரசே இடம் கொடுத்துப் பராமரிக்கும் ஒரு நாட்டைப் பார்ப்பது வேறு வலிகளைக் கிளப்பும். அதைப் பேசக் குழுவில் நேரம் கேளுங்கள். நல்ல தலைவர் அட்டவணையை மாற்றித் தருவார்.

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. கைதிகளின் உடல்களை எரித்த எரியறை முன்னால் சிரித்தபடி சுயபடம் வேண்டாம். வேலை செய்யும் படங்களைக்கூட நினைவிட ஊழியரிடம் கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.

பழைய கட்டிட வேலை

கோட்டை, மாதா கோயில், மரச்சட்ட வீடு, திராட்சைத் தோட்டக் கல்சுவர் ஆகியவற்றைப் பழுது பார்க்கும் முகாம்கள் தொழில் கற்க நல்லவை. வைமாரை மையமாகக் கொண்ட யூரோப்பியன் ஹெரிட்டேஜ் வாலண்டியர்ஸ் இதில் சிறப்பு. கட்டிடக்கலை, தொல்லியல், மரபுக் கட்டிடப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்களை எதிர்பார்க்கிறார்கள் என்பதால் விண்ணப்பத்தில் அதைக் காட்ட வேண்டும்.

கற்றுத் தருவது உண்மையான வேலை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற அளவில் சாந்து குழைப்பார்கள். பழைய சுவரில் சிமென்ட் கூடாது, ஏனென்றால் அது கல்லைவிடக் கெட்டி. உள்ளே இருக்கும் ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வரும், குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து கல்லை உடைக்கும். இணைப்பில் பழைய சாந்தைச் சுமார் 2 செ.மீ. ஆழம் சுரண்டி, தூசி தட்டி, நன்றாக நனைத்துவிட்டுத்தான் புதியதை அழுத்த வேண்டும். வெயிலில் விட்டால் சீக்கிரம் காய்ந்து பொடியாக உதிரும். அதனால் ஈரச் சாக்கு போட்டு மூடுவார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி தராத இடத்தில் வேலையைத் தொடாதீர்கள்.

ஸாலே–உன்ஸ்ட்ரூட் பகுதியிலும் மோசல் ஆற்றோரத்திலும் மலைச்சரிவில் படிபடியாக உள்ள திராட்சைத் தோட்டங்களில் சாந்தே இல்லாமல் கல் அடுக்கும் வேலை. பெரிய கல் அடியில், ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஒரு முழுக் கல், சுவர் மலைப்பக்கம் சற்றுச் சாய்வாக, பின்புறம் சின்னக் கல்லால் நிரப்பு. பின்னால் மண்ணைக் கொட்டி நிரப்பினால் மழைநீர் தேங்கி, ஊதி, சுவர் சரியும். இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க அடுக்கினால் இரண்டு மூன்று சதுர மீட்டர் தேறும். இந்த வேலையில் சேருபவர்கள் முன்பே கேட்க வேண்டியது, இரும்பு முனை வைத்த காலணி அவர்கள் தருவார்களா, நாம் கொண்டு போக வேண்டுமா என்பது.

இதே வேலையை ஓராண்டு செய்ய 1999இல் க்வெட்லின்பூர்கில் தொடங்கிய இளைஞர் கட்டடப் பட்டறைகள் இருக்கின்றன. 16 முதல் 26 வயதுக்காரர்களுக்கானது. ஜெர்மனியிலேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பள்ளி முடித்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஆண்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு என் கண்ணில் படவில்லை.

சமூகத் திட்டங்கள்

இங்கே என் மதிப்பெண் பாதிதான். பலநாட்டு மக்கள் சேர்ந்து பயிரிடும் தோட்டங்கள் (கோட்டிங்கனில் 1990களின் நடுவில் தொடங்கி நாடெங்கும் பரவியவை), விளையாட்டு மைதான வேலி, கிராம விழா ஏற்பாடு போன்றவை இரண்டு வாரத்துக்குப் பொருந்தும், ஏனென்றால் நீங்கள் போன பிறகும் பாத்தியும் வேலியும் அங்கே இருக்கும். அகதிகள் விடுதியில் குழந்தைகளோடு விளையாடும் முகாம்களைப் பரிந்துரைக்க மாட்டேன். பழகி ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் குழு கிளம்பிவிடும். பிரிவையே பார்த்து வளரும் குழந்தைகளுக்கு அது இன்னொரு பிரிவு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட வேலைக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள், அது கைக்கு வர நாளாகும்.

'டாஃபெல்' எனப்படும் உணவு விநியோக நிலையங்களில் ஒரு நாள் வேலை கிடைத்தால் விடாதீர்கள். 1993இல் பெர்லினில் தொடங்கி இன்று 970க்கும் மேல் இருக்கின்றன. கடைகள் கொடுக்கும் உணவைத் தரம் பிரிப்பதுதான் வேலை. பொட்டலத்தில் இரண்டு வகைத் தேதி இருக்கும். 'குறைந்தபட்சம் இதுவரை நன்றாக இருக்கும்' என்ற தேதி தாண்டினாலும், பார்த்து முகர்ந்து சரியென்றால் கொடுக்கலாம். 'இதற்குள் உண்ண வேண்டும்' என்ற தேதி தாண்டினால் குப்பைக்குத்தான், பெரும்பாலும் இறைச்சியும் மீனும். இரண்டையும் குழப்புவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு.

விசாவும் பயணமும் சமையலும்

முகாம் பட்டியல்கள் பெரும்பாலும் வசந்த காலத்தில், மார்ச்சையொட்டி வெளியாகும். நினைவிட முகாமுக்கு ஏன் வருகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். தெரிந்த பொன்மொழிகளை அடுக்காமல், அந்த இடத்தைப் பற்றி ஒரு குறிப்பிட்ட கேள்வியை எழுதினால் கவனம் பெறும். இடம் உறுதியான அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான குறுகியகால விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், ஆனால் கோடையில் முன்பதிவு நேரம் கிடைப்பதே சிரமம். கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோ பாதுகாப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். நோக்கத்தில் சுற்றுலா என்று எழுதாதீர்கள். சம்பளமில்லாத தன்னார்வ முகாம், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று எழுதி அழைப்பை இணையுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்குக் கல்லூரிச் சான்றோ விடுப்புக் கடிதமோ வலுவாக இருக்கட்டும். மறுத்துவிட்டால் கட்டணம் திரும்பாது. தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியும் 2025 ஜூலை 1 முதல் இல்லை. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றம் போகலாம். மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை.

உள்ளூர்ப் பயணத்துக்கு ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. வட்டார ரயில், டிராம், பேருந்தில் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. நாட்காட்டி மாதத்துக்கு மட்டுமே செல்லும் என்பதால் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 3 வரையிலான முகாமுக்கு இரண்டு மாதப் பணம் கட்ட வேண்டிவரும். அதோடு இது சந்தா. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதமும் பிடித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊர்களில் பேருந்து மிகக் குறைவு. தகவல் தாளில் சொன்ன சந்திப்பு நேரத்துக்கு இரண்டு ரயில் முன்னதாகக் கிளம்புங்கள். திரும்பும் விமானத்தை முகாம் முடியும் அன்றே போடாதீர்கள்.

ஞாயிறு கடை கிடையாது என்பது சமையல் முறை வந்தவருக்குத்தான் உறைக்கும். சனிக்கிழமையே இரண்டு நாள் சாமான் வாங்க வேண்டும். தினம் இருவர் எல்லோருக்கும் சமைக்கிறார்கள். 15 பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசி சரியாக இருக்கும். மின் அடுப்பில் சூடு சட்டென்று இறங்காது, தாளிப்பு கருகுவதற்கு அதுவே காரணம், பாத்திரத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். சாம்பார்ப் பொடி, கடுகு, புளி கொண்டு போகலாம். பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது. நெய்யும் பால்கோவாவும் சுங்கத்தில் பறிபோகும். அவரவர் நாட்டு உணவைப் பகிர்ந்துகொள்ளும் மாலைக்குக் கடலை மிட்டாயும் முறுக்கும் போதும். புல்வெளியில் வேலை செய்தால் நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். உண்ணி கடித்தால் நோய் வரலாம். இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், காதோரம் பார்த்துவிட்டுப் படுங்கள்.

இடையில் கிடைக்கும் ஓய்வு நாளுக்கு இரண்டு இடங்கள் சொல்கிறேன். ஒன்று ஹாலே நகரின் ஃப்ராங்க நிறுவனங்கள் என்ற கிறிஸ்தவக் கல்வி வளாகம். 1698இல் தொடங்கிய இந்த வளாகத்திலிருந்து அச்சு எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தன, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ் நூல்களுக்கு அது தொடக்கம். அதன் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. சுவடி பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். மற்றொன்று பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப். முதல் உலகப் போரில் பிரிட்டன் படையிலிருந்த இந்தியக் கைதிகளை இங்கேதான் வைத்திருந்தார்கள். பக்கத்துக் காட்டுக்குள் ஸேரன்ஸ்டார்ஃப் கல்லறையில் 206 இந்தியர்கள் அடக்கம். முகாம் பட்டியல் எதிலும் இந்த இடம் எனக்குத் தென்படவில்லை. குழுத் தலைவரிடம் நீங்களே சொல்லி எல்லோரையும் அழைத்துப் போங்கள்.

விசா கிடைக்காதவர்களும் கிடைக்குமா என்று காத்திருப்பவர்களும் நாஜி ஆட்சியால் துன்புறுத்தப்பட்டவர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் அரோல்சன் ஆவணக் காப்பகத்தின் 'ஒவ்வொரு பெயரும் முக்கியம்' திட்டத்தில் இன்றே சேரலாம். கட்டணமோ வயதுச் சான்றோ தேவையில்லை, இணைய இணைப்பு போதும். திரையில் ஒரு கைதியின் அட்டை வரும். பெயர், பிறந்த தேதி, கைதி எண் ஆகியவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். அதே அட்டையை வேறு சிலரும் தட்டச்சு செய்வார்கள், ஒத்துப்போனால் தரவுத்தளத்தில் ஏறும். ஜெர்மன் தெரியாவிட்டாலும் செய்யலாம், பக்கத்திலேயே உதவிக் குறிப்பு உண்டு. பழைய கையெழுத்தில் 1க்கும் 7க்கும் குழப்பம் வரும். ஜெர்மன் 1க்கு முன்னால் நீளமான ஒரு கோடு ஏறும், 7க்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். தேதியில் நாள் முதலில், மாதம் அடுத்து. சந்தேகமான எழுத்தை ஊகித்துப் போடாமல் புரியவில்லை என்றே குறியுங்கள்.